ஐந்தாவது பந்துக்கு அப்பால்

நாலைந்து வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை காலை. பெங்களூருக்கு வெளியே, ஆனேக்கல்லைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஓர் ஏரி. காலேஜுக்குப் போகிற பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு, நாற்பத்து நான்கு வயதில், நான் அந்த ஏரியின் நடுவில் லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்தபடி, முன்பின் தெரியாத ஒரு பெண்ணைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் சர்வேயர். கட்டடம் கட்டுகிறவர்களுக்கு நிலம் அளந்து கொடுப்பதுதான் பிழைப்பு. பூர்வீகம் கோலார் தங்கவயல், வளர்ந்தது பெங்களூர் லிங்கராஜபுரம். தண்ணீருக்கும் எங்கள் குடும்பத்துக்கும் இருந்த ஒரே சம்பந்தம், டேங்கர் லாரி வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதுதான். அப்படிப்பட்டவளை ஆபீஸ் தோழி ஒருத்தி வேடிக்கை பார்க்க அந்த ஏரிக்கு அழைத்துப் போனாள். படகு இழுக்க, ஒரே ஒரு பலகையில் நின்றபடி, தண்ணீரில் இடதும் வலதுமாகச் சாய்ந்து சாய்ந்து ஒரு பெண் போவதைப் பார்த்தேன். அவ்வளவுதான், எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

ஸ்லாலம் என்பார்கள். படகு நடுவில் நேர்கோட்டில் போகும். அதன் இரண்டு பக்கமும் மாறி மாறி ஆறு மிதவைப் பந்துகள் கட்டியிருக்கும். ஒன்று, மூன்று, ஐந்து வலப்பக்கம். மற்ற மூன்றும் இடப்பக்கம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறவர் ஒவ்வொரு பந்தையும் அதன் வெளிப்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். ஐந்து வருடமாக முட்டி மோதியும் நான் நான்கைத் தாண்டியதே இல்லை. போட்டிக்குப் பெயர் கொடுப்பேன், மூன்றோ நான்கோ சுற்றுவேன், தொப்பென்று விழுவேன். ஆறையும் சுற்றிவிட்டுப் பாதை முடிகிற கடைசி வாசலைக் கடப்பது எப்படி இருக்கும் என்ற ஏக்கம் என்னை ஒரு நாளும் விட்டதில்லை. பாத்திரம் துலக்கும்போதுகூட இடுப்பு தானாக ஒரு பக்கம் சாயும். "எத்தனாவது பந்து?" என்று கேட்டுவிட்டுப் போவார் என் கணவர்.

அந்த வருடம் வலது முழங்கால் பழுதாகிவிட்டது. டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு, அதற்குப் பிறகு இந்த விளையாட்டை மறந்துவிடுங்கள் என்றார். அதுவரை ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார். ஜாக்கிரதை என்றால் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை. கையில் இருந்தவை இரண்டே சனிக்கிழமைகள். ஒரே ஒரு தடவை, ஆறு பந்தும். அப்புறம் காலை வெட்டிப் போட்டாலும் பரவாயில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

ஏரியில் தண்ணீர் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. காலை ஒன்பது மணி வரை வடக்குப் பாதி எங்களுக்கு, தெற்குப் பாதி மீன்பிடிக்கிறவர்களுக்கு என்பது ஏரிக் குத்தகைக்காரரோடு செய்துகொண்ட ஏற்பாடு. அந்தப் பக்கம் மேட்டூரிலிருந்து வந்த சில குடும்பத்தார் பரிசலில் போய் வலை போடுவார்கள். எங்கள் பாதிதான் முதலில் சேறானது. அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பந்துகளையெல்லாம் அவிழ்த்து, மொத்தப் பாதையையும் தெற்கே நகர்த்திக் கட்டினேன். சர்வேயர் அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? கயிற்றில் கல்லைக் கட்டி, ஒவ்வொரு பந்துக்கும் நேர் கீழே ஆழம் பார்த்தேன். ஆறு இடத்திலும் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர் இருந்தது.

எங்களுக்குப் படகு ஓட்டும் அண்ணனும் தங்கவயல்காரர்தான், அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பேசினார். "வெளிப்பக்கம் பாத்தீங்களா மேடம்? ஆள் போறது பந்துக்கு அந்தாண்டதானே."

பார்த்திருக்க வேண்டும். பந்துக்கு வெளியே, விழுந்தால் ஆள் தெறித்துப் போகிற தூரம் வரைக்கும், அடியில் கல்லோ கட்டையோ இல்லாத ஆழமான தண்ணீர் இருக்க வேண்டும் என்பது இந்த விளையாட்டின் அரிச்சுவடி. புதிதாக வருகிறவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் அன்று வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஆறு இடமும் சரியாக இருந்ததால், அதற்குக் கொஞ்சம் தள்ளி மட்டும் மேடாகவா இருக்கப் போகிறது என்று சொல்லிவிட்டேன். அடுத்தவர் மனையை அங்குலம் விடாமல் அளக்கிறவள் சொன்ன பதில் அது.

மறுநாள் காலை ஏரி கண்ணாடி மாதிரி இருந்தது. படகில் ஓட்டுகிறவரைத் தவிர இன்னொருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. அவர் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, கயிற்றில் வருகிறவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அன்று அந்த வேலை நீச்சல் தெரியாத என் கணவருக்கு. படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மனிதர்.

முதல் தடவை மூன்று பந்து. இரண்டாம் தடவை நான்கைச் சுற்றிவிட்டு விழுந்தேன். விழுந்தால் படகுத்துறை இருக்கும் மேற்குக் கரைக்கே திரும்பிப் போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம். மூன்றாம் தடவை ஏதோ நடந்தது. முதல் பந்தையே நேரத்தோடு சுற்றிவிட்டேன். இரண்டாவது, மூன்றாவது, எதிலும் அவசரம் இல்லை. முழங்கால் வலிக்கவில்லை. நான்காவதைச் சுற்றி ஐந்தாவதை நோக்கித் திரும்பும்போது எனக்குத் தெரிந்துவிட்டது, இது இன்று முடியும் என்று. ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூட உடம்பு எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

படகின் சத்தம் சட்டென்று அடங்கியது. கயிறு தொய்ந்து, நான் அப்படியே தண்ணீரில் இறங்கினேன். எதிர் வெயிலில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், ஐந்தாவது பந்துக்கு வெளியே நாலு முழத் தூரத்தில் ஒரு பரிசல். அதில் என் வயதிருக்கும் ஒரு பெண். வெயில் கண்ணை அடித்ததில் அண்ணனே அவளைக் கடைசியில்தான் பார்த்திருக்கிறார்.

என் வாயிலிருந்து வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. இது எங்கள் பக்கம், ஒன்பது மணி வரை இங்கே வரக் கூடாது என்று தெரியாதா, குத்தகைக்காரரிடம் சொல்லி உங்களையெல்லாம் ஏரியை விட்டே கிளப்பிவிடுவேன் என்கிற வரைக்கும் போனேன். அவர்கள் பாதிக்குள் பந்தைக் கொண்டுபோய்க் கட்டியது நான்தான் என்பது அப்போது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

அவள் துடுப்பை நிமிர்த்திப் பிடித்துத் தண்ணீருக்குள் விட்டாள். முழங்கை அளவுகூட இறங்கவில்லை, டொக்கென்று கல்லில் இடித்தது. கொஞ்சம் தள்ளி விட்டாள், மறுபடி டொக். இன்னும் கொஞ்சம் தள்ளி விட்டபோது துடுப்பு அவள் கை வரைக்கும் உள்ளே போனது, அடியே தட்டவில்லை.

"பழைய கெணறுக்கா. ஏரி ரொம்பிக் கெடந்தா தெரியாது, தண்ணி எறங்குச்சுன்னா வாய் மேல வந்துரும். எங்க வலை எத்தனையோ இதுல கிழிஞ்சிருக்கு. நேத்து நீங்க பந்து கட்டறதப் பாத்தேன், எதுக்குன்னு புரியல. இன்னிக்கு நீங்க பந்துக்கு வெளிய சுத்தி வர்றதப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. கத்திப் பாத்தேன், மோட்டார் சத்தத்துல கேக்கல. அதான் நானே வந்து நின்னுட்டேன்."

அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டார். நாங்கள் பார்க்காமல் வந்து மோதியிருந்தால் உன் கதி என்னம்மா என்று கேட்டார். பார்த்துவிடுவீர்கள் என்று நினைத்தேன் என்றாள், பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுகிறவள் சொல்வது போல.

நாலு முழம். அந்த வேகத்தில் ஐந்தாவது பந்தைச் சுற்றும்போது பலகை கல்லைத் தொட்டிருந்தால், அல்லது நான் கை தவறி விழுந்து அந்தச் சுவரில் போய் அடித்திருந்தால், முழங்கால் ஆபரேஷனுக்கு வேலையே இருந்திருக்காது. அதற்கு முந்தைய இரண்டு தடவையும் நான் பிழைத்தது கெட்டிக்காரத்தனத்தால் அல்ல, ஐந்தாவது வரைக்கும் போக எனக்கு வராததால்.

இதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. அந்த டொக் சத்தத்தைக் கேட்டதும் முதலில் எனக்கு வந்தது நன்றி இல்லை, பயம்கூட இல்லை. போச்சே, இன்னும் ரெண்டே பந்து, கிடைக்க இருந்தது போச்சே என்ற அழுகைதான். கண்ணில் தண்ணீர் முட்ட, "சரி" என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் கணவர்தான் படகின் விளிம்பிலிருந்து கையை எடுத்து அவளைக் கும்பிட்டார். அவள் கிணற்று வாயில் ஒரு காலி கேனை அடையாளமாகக் கட்டிவிட்டு, வந்த வழியே துழாவிப் போனாள்.

பந்துகளை அன்றே அவிழ்த்துவிட்டோம். அடுத்த சனிக்கிழமை தண்ணீர் இன்னும் இறங்கி, எங்கள் வீட்டு ஹால் அகலத்துக்குக் கருங்கல் வட்டம் ஒன்று வெளியே தெரிந்தது. அதைக் கரையில் நின்று பார்த்தபோதுதான் எனக்கு அந்தப் பயம் வந்தது. அவளைத் தேடித் தெற்குக் கரைக்குப் போனேன். இனி இங்கே வலை போட முடியாது என்று இரண்டு நாள் முன்பே ஊருக்குக் கிளம்பிவிட்டார்களாம். பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை நான்.

ஆபரேஷன் நடந்தது. டாக்டர் சொன்னதுதான் நடந்தது, அதற்குப் பிறகு நான் பலகையில் ஏறவில்லை. ஏரி மறுபடி நிரம்பிவிட்டது. ஓசூர்ப் பக்கம் வேலை இருந்தால், வண்டியை அந்த வழியாக விடச் சொல்லி, கரையில் இறங்கிப் பத்து நிமிஷம் நிற்பேன். வேறு யாராவது சாய்ந்து சாய்ந்து போய்க்கொண்டிருப்பார்கள். நான்கு, ஐந்து, ஆறு என்று என் வாய் முணுமுணுக்கும். தெற்குப் பக்கம் பரிசல் எதுவும் தெரிந்தால், உள்ளே இருப்பது யாரென்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பேன். இதுவரை அவள் இல்லை.

ஆறாவது பந்தை நான் கடைசிவரைக்கும் சுற்றவில்லை, சுற்றப் போவதும் இல்லை. ஆனாலும் அதை நினைத்து இப்படிக் கரையில் என் இரண்டு காலில் நின்று ஏங்குவதற்கு, என்னை மிச்சம் வைத்துவிட்டுப் போனவள் அவள்.