கைதட்டாமல் ஓடிய நாள்

கோப்பாயில் எங்கள் வீட்டில் ரோசி என்றொரு ஸ்பானியல் நாய் இருக்கிறது. கொழும்புக்குப் போன அயலவர் விட்டுச் சென்றது. நாயோடு ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். ஆகவே, "சிற்" என்றால் உட்கார வேண்டும், நான் கைதட்டும்வரை அசையக் கூடாது என்று கருவாட்டுத் துண்டு காட்டிப் பழக்கினேன். முந்தி எழுந்தால் அதட்டுவேன். ஒருமுறை அடித்தும் இருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு காலை, அவளைக் கிணற்றடியில் இருத்திவிட்டுப் பத்தடி நடந்திருப்பேன். குண்டு போடும் பொம்மர் விமானத்தின் இரைச்சல் கேட்டது. எல்லாம் மறந்து, வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் பாய்ந்தேன்.

"ரோசி எங்கையடி?" என்று அம்மா கேட்டார்.

"எனக்குப் பின்னாலை ஓடி வந்ததம்மா," என்றேன். அது பொய். நான் திரும்பியே பார்க்கவில்லை.

வெளியே போக எழும்பினேன். "இப்ப போகாதை பிள்ளை!" என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். குண்டு அடுத்த ஒழுங்கையில் விழுந்தது.

சத்தம் அடங்கி வெளியே வந்தபோது, ரோசி விட்ட இடத்திலேயே இருந்தாள். நீண்ட காதுகள் நிறையப் புழுதி. உடம்பு நடுங்கியது. என்னைக் கண்டும் எழுந்து வரவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன். அன்று வைத்த கருவாட்டை அவள் தொடவில்லை.

இப்போதெல்லாம் பொம்மர் சத்தம் கேட்டால் நான் முதலில் கைதட்டுகிறேன். அதன் பிறகே ஓடுகிறேன்.