சம்பந்தி பசிக்கவில்லை என்றார்

துபாயில் பிறந்த பேரனைப் பார்க்க நானும் சம்பந்தியும் கொச்சியிலிருந்து சேர்ந்து பறந்தோம். கம்பத்தில் வண்டி ஏறி, குமுளி மலையைத் தாண்டி விமான நிலையம் போவதற்குள் எனக்கு நல்ல பசி. மாப்பிள்ளை உயர்ந்த வகுப்பு டிக்கெட் எடுத்திருந்ததால் விமான நிறுவனத்தின் லவுஞ்சில் சாப்பாடு இலவசம்.

"எல்லாம் சும்மாதான் சம்மந்தி, வேணுங்கிறதை எடுத்துப் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு, தட்டோடு போய்விட்டேன்.

திரும்பி வந்தால், துண்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"பசிக்கலை" என்றார்.

நான் ஆப்பமும் கடலைக்கறியும் சாப்பிட, அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தில் ஏதும் குறை வைத்துவிட்டோமோ என்றுகூட யோசித்தேன்.

அந்தப் பக்கம் வந்த மலையாளப் பணிப்பெண், "சாரே, ஒன்னும் சாப்பிடலையே, வாங்க" என்றார். சம்பந்தி உடனே எழுந்துவிட்டார். ஆப்பத்தை இரண்டு தடவை வாங்கிக்கொண்டார்.

"ஒருத்தர் கூப்பிடாம எப்படிக் கை நனைக்கிறது?" என்றார், என்னைப் பார்க்காமல்.

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டு விசேஷத்தில் வாசல்வரை போய் இவரைப் பந்திக்கு அழைத்துவந்தவன் நான். சோறு யார் வீட்டுடையதானால் என்ன, அழைக்கிற வாய் என்னுடையதுதானே? இலவசம் என்றதும் அதை மறந்துவிட்டேன்.

விமானத்தில் சாப்பாட்டு வண்டி வந்ததும் முந்திக்கொண்டு, "சாப்பிடுங்க சம்மந்தி" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அப்படியே பிளேன் ஓட்டுறவுகளையும் ஒரு வார்த்தை கூப்பிட்டுருங்க."