நுனி தெரிய வேண்டும்

என் மனைவி ஆஸ்பத்திரித் தோட்டக்காரி. பதினாறு வருஷ சர்வீஸ். நான் தையல்காரன், நூலளவு பிசகினாலும் பிரித்துத் தைக்கிற ஆள். நுணுக்கமெல்லாம் என் தொழிலுக்குத்தான், புல்லுக்கு எதற்கு என்ற திமிர்தான் என்னை மாட்டிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசல் புல்தரைக்கு வருஷத்துக்கு ஒருமுறை மேலுரம் போடுவாள். கொத்துவது, கிளறுவது எதுவும் கிடையாது. மக்கிய எருவைச் சலித்து, கையால் விசிறி, துடைப்பத்தால் மெல்லத் தள்ளிவிடுவாள். பிறகு குந்தி உட்கார்ந்து பார்ப்பாள். எருவுக்கு மேலே புல்லின் நுனி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மறுபடி தள்ளல். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் புது மேனேஜர் வந்தார். "புல்லு தானா வளருது. அதுக்கு ஒரு ஆள் எதுக்கும்மா? மாசக் கடைசில முடிவு சொல்றேன்" என்றார். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போவதைவிட அந்தத் 'தானா'தான் அவளைச் சுட்டது.

பாதித் தரைக்குப் போட்டு முடித்தவள் காய்ச்சலில் விழுந்தாள். கட்டினவளுக்கு ஒரு கை கொடுப்போமே என்று கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். கஞ்சத்தனம் எதற்கு? மீதிப் பாதியில் மூன்று விரற்கடை கனத்துக்கு எருவை அப்பிவிட்டு வந்தேன். சலிக்கவும் இல்லை. வீட்டில் மூச்சு விடவில்லை. அவளே பார்த்து அசரட்டும் என்று நினைப்பு.

எட்டு நாள் கழித்து எழுந்து போனவள் ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, உங்க மூக்குல பஞ்சு வச்சு அடைச்சா சும்மா இருப்பீங்களா?"

அவ்வளவுதான் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை. இரண்டு பேரும் மண்டியிட்டு எருவை வழித்தெடுத்தோம். அடியில் புல் வெளுத்துக் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாசக் கடைசியில் மேனேஜர் வந்தபோது நானும் போய் நின்றேன். ஒரு பாதி பச்சைப் பசேல். மறு பாதி சொறிநாய் முதுகு.

"இந்தப் பக்கம் ஏம்மா இப்படி?"

"நோய் விழுந்துடுச்சு சார்" என்றாள். எனக்காகப் பொய் சொல்கிறாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"நோய் நான்தான் சார்" என்றேன். "அந்தப் பாதி அவ போட்டது, இது நான் போட்டது. ஒரே எரு, ஒரே தண்ணி."

மேனேஜர் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். குனிந்து பச்சைப் பக்கத்தைத் தடவினார்.

"தானா வளரல போலிருக்கே" என்று முணுமுணுத்தார். பிறகு அவளிடம், "நீங்களே பாத்துக்கங்கம்மா. இவரை மட்டும் உள்ள விடாதீங்க" என்றார்.

வீடு வரைக்கும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அப்போ உன் வேலையக் காப்பாத்தினதுல எனக்கும் பங்கு உண்டுல்ல?"

"உண்டு. ஞாயித்துக்கெழமை வந்து சல்லடையப் பிடிங்க."

மேனேஜருக்குத் தெரியாமல் பிடிக்கிறேன். என் பாதிக்கு மட்டும் வாரம் ஒரு திட்டாக மறுபடி போடுகிறாள்; அது மெல்லத் தேறி வருகிறது. விசிறி முடித்ததும் பக்கத்தில் குந்தச் சொல்லி, "நுனி தெரியுதா?" என்று கேட்பாள். கண்ணாடி போட்டும் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தெரிகிறது என்பேன்.