எங்கோ ஒரு கடலில் காற்று

எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், பாயசம் இலைக்கு வருவதற்குள் என் கதை வந்துவிடும். போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் நடந்த விருந்திலும் வந்தது. வழக்கம்போலப் பெரியப்பா மகன்தான் ஆரம்பித்தார். "இவன் யாருன்னு நெனச்சீங்க? அப்பா அஸ்தியக் கரைக்கக் கூட்டிட்டுப் போனா, ரேடியோவுல காத்துன்னு சொல்லிட்டான்னு படகுல ஏறாத ஆளு லா!" பந்தியே சிரித்தது. புது மாப்பிள்ளைகூடச் சிரித்தார். நானும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரித்து வைத்தேன். நாற்பது வருடமாக அப்படித்தான். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது.

இங்கே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் கடலுக்குப் பயப்படவில்லை. செய்ததற்காக இதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கப் போவதும் இல்லை.

அப்பா கிள்ளான் துறைமுகத்தில் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் சீன முதலாளி ஒருவரின் சிறிய படகில் வேலை பார்த்தார். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறி, கோழி, ஐஸ் கொண்டுபோய்க் கொடுக்கிற படகு. விடியற்காலையில் மலாய் வானொலியில் கடல் வானிலை சொல்வார்கள். அப்பா பல் விளக்கிக்கொண்டே கேட்பார். எங்கள் பக்கத்து மலாக்கா நீரிணையில் ஆரம்பித்து, பூக்கெட், சாமுய், தியோமான், புங்குரான், கொண்டோர், சூலு, பாலாவான் என்று ஒரு குரல் நிதானமாகக் கடல் கடலாகப் போகும். எங்கே காற்று, அலை எவ்வளவு உயரம், சிறு படகுகளுக்கு ஆபத்தா இல்லையா. அப்பாவுக்கு வேண்டியது முதல் கடல் மட்டும்தான். அது முடிந்ததும் வாய் கொப்பளிக்கப் போய்விடுவார். மிச்சக் கடல்களை நான்தான் உட்கார்ந்து கடைசிவரை கேட்பேன். பள்ளிக்கூடத்தில் ஒரு வாய்ப்பாடும் ஒழுங்காகச் சொன்னதில்லை. அந்தக் கடல்களை மட்டும் வரிசை தப்பாமல் சொல்வேன்.

இப்போது அதே பட்டியல் கைப்பேசியில் வருகிறது. தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் தொழிற்சாலை லோரி ஓட்டுகிறேன். எனக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் வண்டியை எடுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுவேன்.

நீரிணையில் காற்று என்று வந்துவிட்டால் அப்பா போக மாட்டார். தவுக்கே ஆள் அனுப்பினாலும் போக மாட்டார். "பயமா?" என்று கேட்டால் "ஆமா" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

அவர் கடலில் சாகவில்லை. எனக்கு ஒன்பது வயது, டிசம்பர் பள்ளி விடுமுறை. ஒரு சனிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தகனம். நான் தலைப்பிள்ளை, மொட்டை போட்டுக்கொண்டு கொள்ளி வைத்தேன். திங்கட்கிழமை இருட்டோடு சுடுகாட்டுக்குப் போய் அஸ்தி எடுத்து, ஏழு மணிக்கெல்லாம் படகுத்துறைக்கு வந்துவிட்டோம். எல்லாம் பெரியப்பாவின் ஏற்பாடு. அப்பாவின் அண்ணன் அவர். கோயில் கமிட்டி ஆள். சட்டைப் பையில் பஞ்சாங்கம் இல்லாமல் வாசல்படி தாண்டாதவர். திங்கட்கிழமை ஏழரைக்கு ராகுகாலம் ஆரம்பம். அதற்குள் படகு கிளம்பியாக வேண்டும் என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டைவிட்டுப் புறப்படும் முன் நான் ரேடியோவைத் திறந்திருந்தேன். சாவு வீட்டில் ரேடியோவா என்று சித்தி ஓடி வந்து அணைப்பதற்குள் வேண்டியது காதில் விழுந்துவிட்டது. தியோமான், புங்குரான், கொண்டோரில் பலத்த காற்று, சிறு படகுகளுக்கு ஆபத்து. மலாக்கா நீரிணையில் ஒன்றும் இல்லை.

துறையில் கலயத்தை என் கையில் கொடுத்தார்கள். மண் கலயம், வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. சட்டையில்லாத வயிற்றோடு சேர்த்துப் பிடித்தேன். அது இன்னும் இளஞ்சூடாக இருந்தது. நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"டேய், ஏறு லா. நேரமாகுது," என்றார் பெரியப்பா.

"படகு போகக் கூடாது பெரியப்பா. ரேடியோவுல சொல்லிட்டாங்க. காத்தாம். சின்னப் படகுக்கு ஆபத்தாம்."

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது.

"காத்தா? எங் கையில இருக்கிற சிகரெட்டுப் புகைகூட நேராத்தான் போகுது," என்றார் சித்தப்பா. "கேப்டன் சொன்னா சரிதான். கப்பல எங்க நிறுத்தியிருக்கீங்க கேப்டன்?"

தவுக்கே படகிலிருந்து எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு வருடம் அப்பாவோடு கடலுக்குப் போனவர். "லாவுட் மானா, ஆடேக்?" என்று என்னைக் கேட்டார். எந்தக் கடல் தம்பி என்று.

நீரிணை என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். கடல் விஷயத்தில் அவரிடம் பொய் எடுபடாது. "தியோமான்," என்றேன்.

தவுக்கே சிரித்துவிட்டார். "தியோமான் சானா லா!" என்று கிழக்கே மலைகளுக்கு அப்பால் கையை நீட்டினார். நாட்டின் அந்தப் பக்கத்துக் கடல் அது. பஸ்ஸில் ஏறினால் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும்.

பெரியப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "அந்தப் பக்கம் அடிக்கிற காத்துக்கு இந்தப் பக்கம் உனக்கு என்னடா வந்துச்சு?"

"காத்து நகரும் பெரியப்பா."

விவரம் தெரியாத பிள்ளை ஏதோ உளறிவிட்டது என்று எனக்காகப் பேசுகிற நல்லவர்களும் கல்யாண வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களும் தெரிந்துகொள்ளட்டும். எனக்கு எல்லா விவரமும் தெரியும். தியோமான் எங்கே இருக்கிறது என்றும் தெரியும், எங்கள் கடலில் அன்றைக்குக் காற்றே இல்லை என்றும் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்தேன்.

சித்தப்பா கலயத்தை வாங்கக் கை நீட்டினார். பெரியப்பாதான் தடுத்தார். தலைப்பிள்ளை கையில் கொடுத்ததை இன்னொருவர் பிடுங்கினால் தோஷமாம். அதட்டினார், கெஞ்சினார், தவுக்கேயிடம் சொல்லிப் படகு ஓட்ட விடுவதாக ஆசை காட்டினார். நான் கலயத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். ஏழரை ஆனதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவரும் எனக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். இனி நானே எழுந்து ஏறினாலும் அவர் விட மாட்டார். ஒன்பதுக்குப் பிறகு போகலாமா என்று சித்தப்பா கேட்டார். தவுக்கே முடியாது என்று தலையை ஆட்டினார்; கப்பலில் காய்கறிக்குக் காத்திருந்தார்கள்.

அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. பின்பக்கத்து மாமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். அம்மா பின்வாசலுக்கு வந்தார்.

"உம் மகன் செஞ்ச வேலயப் பாத்தியா?" என்று பெரியப்பா ஆரம்பித்தார்.

அம்மா என்னைத்தான் பார்த்தார். "ரேடியோவுல என்னடா சொன்னான்?"

"காத்தும்மா."

"அப்பப் போக வேணாம்."

"என்ன நீயும் சேந்துகிட்டு? அது தியோமான்ல அடிக்கிற காத்து!"

"எங்க அடிச்சா என்ன மாமா? காத்துன்னா அவரு போக மாட்டாரு," என்றார் அம்மா. பெரியப்பா எதிரில் அம்மா நின்று பேசி அதுவரை நான் பார்த்ததில்லை. அன்றும் குரலை உயர்த்தவில்லை. வாசலை மறித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

அது அந்தப் பக்கத்துக் கடல்களில் மழையும் காற்றுமான காலம். பட்டியலில் ஏதாவது ஒரு கடலில் அடித்துக்கொண்டேதான் இருக்கும். எனக்கு அது போதும். பெரியப்பா தினமும் காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து வேலியோரம் நிறுத்துவார்.

"இன்னைக்கு எந்தக் கடல் லா?"

"கொண்டோர்."

"அது எங்கடா இருக்கு?"

"தெரியாது பெரியப்பா."

"எங்க இருக்குன்னே தெரியாத கடலுக்கு என் தம்பி மரத்துல தொங்கணுமா?"

மரத்திலிருந்து இறக்க மட்டும் நான் சம்மதிக்கவில்லை. நாலாம் நாள் அவரே விடியற்காலையில் எழுந்து ரேடியோ கேட்டுவிட்டு வந்தார். "டேய், கொண்டோர்ல கொறஞ்சிருச்சு!" என்று தூரத்திலேயே கத்தினார்.

"பாலாவான்ல கூடியிருக்கு பெரியப்பா."

அவர் மோட்டாரை அணைக்கக்கூட இல்லை. அப்படியே திருப்பிக்கொண்டு போய்விட்டார். பக்கத்து வீட்டு ஆன்டி பின்பக்கம் துணி காயப்போடுவதை நிறுத்தினார். ஆத்மா அலையும் என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். கருமாதிக்கு முன்னால் கரைக்காவிட்டால் இந்தக் குடும்பத்து விசேஷத்துக்கு இனி வர மாட்டேன் என்றுகூட ஒருவர் சொன்னார். அவர்தான் போன மாத விருந்தில் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர்.

ஒன்பதாம் நாள் காலை நான் ரேடியோவைத் திறக்கவில்லை. மரத்தடியில் ஸ்டூலைப் போட்டு ஏறி, நானே கலயத்தை இறக்கினேன். பனியில் நனைந்து சில்லென்று இருந்தது. பெரியப்பா வந்தார், பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்க்கவில்லை. தவுக்கே படகை மெதுவாக விட்டார். கரை கோடு மாதிரி ஆனதும் இன்ஜினை நிறுத்தினார். நான் துணியை அவிழ்த்துக் குனிந்தபோது, விழுந்துவிடுவேன் என்று பெரியப்பா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கலயம் காலியாகும்வரை விடவில்லை. இதைக் கல்யாணங்களில் யாரும் சொல்வதில்லை.

எட்டு நாள் பிடிவாதம் பிடித்தவன் ஒன்பதாம் நாள் ஏன் இறக்கினான் என்றும் யாரும் கேட்டதில்லை. காரணம் எட்டாம் நாள் காலை நடந்தது. அன்றைக்கு அந்தக் குரல் எல்லாக் கடல்களையும் சொல்லி முடித்தது. சூலுவில் காற்று இல்லை, பாலாவானில் இல்லை, தியோமானிலும் இல்லை. எங்கேயும் எந்த எச்சரிக்கையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். அம்மா இரண்டடி தள்ளி அடுப்பருகில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தார். நான் ரேடியோவை அணைத்தேன்.

"இன்னைக்கும் காத்தும்மா," என்றேன். எந்தக் கடல் என்று சொல்ல வரவில்லை. "எங்கயோ."

அம்மா திரும்பவில்லை. "ஆமா. நானும் கேட்டேன்," என்றார். "பலமாத்தான் அடிக்குதாம்."

கல்யாணத்துக்கு முன்பு அம்மா ஓர் அன்னாசி ஆலையில் மலாய்ப் பெண்களோடு ஆறு வருடம் வேலை பார்த்தவர். என்னைவிட நன்றாக மலாய் பேசுவார். ஒன்பது வயதில் அதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. பாவம், ஒன்றும் விளங்காத அம்மாவை ஏமாற்றிவிட்டோமே என்று அன்று முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உறுத்தல் தாங்காமல்தான் மறுநாள் காலை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனேன்.