பழைய கைத்தட்டல்

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தாலும் மேடைக்காரர்களுக்கு அவர் காதண்ணன்தான். ஒரு பாடகிக்கு மேடையில் என்ன கேட்க வேண்டும் என்பதைப் பதினெட்டு வருடமாக முடிவு செய்தவர். பாடும்போது அவள் இரண்டு காதிலும் இயர்போன் அடைத்திருக்கும். இசையும் அவள் குரலும் அதன் வழியாகத்தான் போகும். கூட்டத்தின் சத்தமும் அப்படித்தான். அதற்கென்று மேடை விளிம்பில் இரண்டு மைக் வைத்திருப்பார். கூட்டுவதும் குறைப்பதும் மேடையோரம் உட்கார்ந்திருக்கும் அவர் விரலில் இருந்தது.

ஒரு காலத்தில் அவளை ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. பிறகு இசையமைப்பாளர்கள் அரைத்த மாவையே அரைக்க ஆரம்பித்தார்கள். அதே தாளம், நாலே வரி, அதையே எட்டுத் தடவை. காதண்ணனுக்கே அலுத்துப்போனது, அந்தப் பாட்டுகளில் ஒன்றைக்கூட அவர் குளிக்கும்போது முணுமுணுத்ததில்லை. ஆனால் வாயைத் திறக்கவில்லை. சம்பளத்துக்கு வந்தவன் பாட்டில் மூக்கை நுழைக்கலாமா என்று ஒரு நியாயம் வைத்திருந்தார்.

கூட்டம் அவ்வளவு நாகரிகம் பார்க்கவில்லை. ஒரு விளையாட்டு மைதானத்தில் முதன்முதலாக ஊளையிட்டது. அவள் ஒப்பனை அறைக்கு வந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"நான் நல்லாத்தானே பாடினேன் அண்ணே?"

"கூட்டம் சரியில்லம்மா. மனசுல போட்டுக்காதே."

அடுத்த கச்சேரியில் ஊளை கிளம்பியதும் அவர் விரல் தானாக நகர்ந்தது. விளிம்பு மைக்குகளை அடைத்துவிட்டு, பழைய கச்சேரி ஒன்றில் பதிவான கைத்தட்டலை அவள் காதில் விட்டார். கண் கூசும் விளக்கில் அவளுக்கு முகங்கள் தெரியாது. சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். பெரிய புண்ணியம் கட்டிக்கொண்டதாக மனுஷனுக்கு நினைப்பு. சுற்றியிருந்தவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் சிரித்தால் எல்லாருக்கும் சௌகரியம். ஒன்றரை வருடம் இதே கதைதான்.

இடையில் ஒருநாள், தானே எழுதி மெட்டமைத்த ஆறு பாட்டுகளை ஒத்திகை அறையில் அவருக்கு மட்டும் பாடிக் காட்டினாள். ஒரு கிட்டார், அவள் குரல், அவ்வளவுதான். இரண்டாவது பாட்டிலேயே அவர் உதடு கூடவே முணுமுணுத்தது.

"இதை மேடையில பாடவா அண்ணே? இல்ல, கூட்டம்தான் இப்படிக் கொண்டாடுதே, எதுக்கு மாத்தணும்?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. சொன்னால் அத்தனை நாள் கைத்தட்டலுக்கும் பதில் சொல்லவேண்டும். "ஓடுறதை ஏம்மா நிறுத்தணும்?" என்றார். அவள் கிட்டாரை உறைக்குள் வைத்தாள். தப்பு செய்கிறோம் என்று தெரிந்தேதான் சொன்னார்.

அடுத்த மாதம் ஒரு திறந்தவெளி மேடை. அவளுக்கு அடுத்துப் பாடவேண்டிய புதுக் குழுவுக்காக வந்த கூட்டம், முதல் பாட்டிலிருந்தே "இறங்கு, இறங்கு" என்று கத்தியது. காதண்ணன் விளிம்பு மைக்குகளை அடைத்தார். கைத்தட்டலை இன்னும் கூட்டினார். அதுவே வினையாகிவிட்டது. இவ்வளவு வரவேற்பா என்று பூரித்துப்போய் அவள் விளிம்புக்கே போனாள். அடுத்த வரியைக் கூட்டம் பாடட்டும் என்று மைக்கை நீட்டி, அதை நேராகக் கேட்கும் ஆசையில் இரண்டு இயர்போனையும் கழற்றினாள்.

அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மேடையோரம் திரும்பிப் பார்த்தாள். அவர் குனிந்துகொண்டார். இயர்போனைத் தொங்கவிட்டபடியே, அந்தக் கூச்சலுக்கு நடுவில் மீதிப் பாட்டைப் பாடி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

"எவ்வளவு நாளா அண்ணே?" என்று ஒப்பனை அறையில் கேட்டாள்.

"ஒண்ணரை வருஷமா."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு மனசு ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை.

"நீ அழுததைப் பாக்க முடியலம்மா. தப்புத்தான்." பிறகு, "அந்த ஆறு பாட்டு நிஜமாவே நல்லாருக்கு. அதைப் பாடும்மா. அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றார்.

அவள் கழற்றிய இயர்போனை மேசைமேல் வைத்தாள்.

"நல்லாருக்குன்னு நீங்க சொன்னா, இனிமே நான் எப்படிண்ணே நம்புறது?"