‘கா’ என்று கூப்பிட்டேன், வந்தது

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்து வருடமாக யோசித்துக்கொண்டு இருந்தேன். இரண்டு தரம் கொப்பியில் எழுதினேன். இரண்டு தரமும் கிழித்து அடுப்பில் போட்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கண்டி டவுனில் ஓர் இரும்புக் கடையில் சாமான் எடுத்துக் கொடுத்தே வயது போனவன். எழுத்துப் பழக்கம் இல்லைதான், ஆனால் தயங்கியது அதற்காக இல்லை. மனைவிக்கு வைத்த திவச இலை விஷயத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யும், நாயோடு நான் விளையாடிய விளையாட்டும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றதை விட முடியவில்லை.

வீடு பேராதனையிலிருந்து கலஹா போகிற பஸ் பாதையில், தேயிலை மலைக்குக் கீழே. மனைவி போன பிறகு அந்த வீட்டில் மிச்சம் இருந்தது நானும் அவளுடைய நாயும். ஒரே மகள் கல்யாணமாகி நாவலப்பிட்டியில் இருக்கிறாள். நாய் மண்ணிறப் பெட்டை. சின்னதாய் வந்தபோது மனைவி அதைக் குட்டி என்று கூப்பிட்டாள். ஏழு வயதாகியும் அது குட்டிதான்.

மனைவிக்கு ஒரு வழக்கம். தினமும் சோறு வடித்ததும் முதல் பிடியைப் பின்பக்கச் சுவரில் வைத்து, “கா... கா... கா...” என்று கூப்பிடுவாள். காகம் எடுத்த பிறகுதான் எங்களுக்குச் சோறு. காகம் சிந்தியது குட்டிக்கு. அதனால் ‘கா’ என்ற சத்தம் கேட்டால் குட்டி எங்கிருந்தாலும் ஓடிவந்து சுவருக்குக் கீழே உட்காரும். பின்னால் நடந்ததெல்லாம் இந்த ஒரு சத்தத்தால் நடந்தது.

அவள் கண்டி ஆஸ்பத்திரியில் இறந்தாள். மகளைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மகள் பஸ் பிடித்து வந்து சேரும்போது ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது. மகள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. பிறகு வரும் என்று இருந்தேன். பதினாறாம் நாள் கருமாதி முடிந்தும் வரவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனேன். கை கும்பிட்டது, விரல் திருநீறு பூசியது. உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஆள்கள் வந்து பேசினார்கள். வாய் அசைவது தெரிந்தது. தலையாட்டினேன்.

குட்டி மட்டும் சும்மா இருக்கவில்லை. கால்மிதியைக் கடித்துப் போட்டது. கதவடியில் மண்ணைப் பறித்தது. பிறகு தன் முன்னங்காலையே நக்கத் தொடங்கியது. முடி போய், தோல் போய், சிவந்து நீர் வடிகிற வரைக்கும் நக்கியது. மிருக வைத்தியரிடம் ஓட்டோவில் கொண்டுபோனேன். சிங்களப் பிள்ளை, எங்கள் மகள் வயதுதான் இருக்கும். காலைத் தூக்கிப் பார்த்தார், காதைப் பார்த்தார்.

“அங்கிள், மருந்து தாறேன். ஆனா இது காலுக்கு வந்த வியாதி இல்லை. இதுக்கு வேலை இல்லை தானே? மூளைக்கு வேலை குடுங்க.”

“நாய்க்கு என்ன வேலை மிஸ் குடுக்கிறது?”

“சாப்பாட்டைச் சட்டியில வைக்க வேண்டாம். ஒளிச்சு வைங்க. தேடட்டும். கடையில விளையாட்டுச் சாமான் இருக்கு, அது வேணாம், வீட்டுல இருக்கிறதே போதும்.” பிறகு என்னைப் பார்த்து, “அங்கிளுக்கும் நல்லம்” என்றார்.

வீட்டுக்கு வந்து முட்டை அட்டை ஒன்றை எடுத்தேன். குழிகளில் காய்ந்த பாண் ரொட்டித் துண்டுகளைப் போட்டு, பழைய பேப்பரைக் கசக்கி ஒவ்வொரு குழியையும் அடைத்தேன். குட்டி அதைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, திரும்பவும் காலை நக்கப் போனது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. ‘தேடு’ என்றேன். ‘எடு’ என்றேன். அதற்கு அந்தச் சொற்கள் தெரியாது. சாப்பாட்டுக்கு அதற்குத் தெரிந்த ஒரே சொல் மனைவியுடையது. அதைச் சொன்னேன்.

“கா... கா...”

எழுந்து வந்தது. ஒவ்வொரு பேப்பராகப் பல்லால் இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் தின்றது. தின்று முடித்து என் கையைப் பார்த்தது.

அப்படித்தான் தொடங்கியது. பிளாஸ்டிக் போத்தலில் கத்தியால் ஓட்டை போட்டு, கோயிலில் கொடுத்த கடலையை உள்ளே போட்டேன். அது காலால் உருட்டி உருட்டி ஒவ்வொரு கடலையாக எடுத்தது. சீமெந்துத் தரையில் அந்தப் போத்தல் உருளும் சத்தம்தான் அந்த வருடம் வீட்டில் கேட்ட சத்தம். மூன்று தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றின் கீழ் மட்டும் கருவாட்டுத் தலை வைப்பேன். முதலில் மூன்றையும் தட்டிவிட்டது. ஒரு மாதத்தில் முகர்ந்து பார்த்துச் சரியானதில் மட்டும் கால் வைத்தது. முகம் துடைக்கிற பழைய துவாயில் பிஸ்கட்டை வைத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன், பல்லால் அவிழ்க்கப் பழகியது. பிறகு தேங்காய்க் கயிற்றில் முடிச்சு, அதையும் அவிழ்த்தது. துவாய் கிழிந்தபோது மனைவியின் பழைய சீலை ஒன்று அலுமாரியில் இருந்தது. எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

புண் காய்ந்து முடி முளைத்தது. எனக்குச் சந்தோஷம் வந்தது என்று எழுதினால் அது பொய். காலையில் எழும்ப ஒரு காரணம் இருந்தது, சிரட்டை வைக்க வேண்டும் என்று. அந்த ஒன்றுதான் இருந்தது.

மகள் ஒரு நாள் வந்து இதையெல்லாம் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அம்மாவுக்கு ஒரு நாள் தேத்தண்ணி ஊத்திக் குடுத்திருப்பீங்களா? இப்ப நாய்க்கு முட்டை அட்டையில விருந்தா?”

சிரட்டைகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தேன். அவள் சொன்னது உண்மைதான்.

“அப்பா, தலைத்திவசம் முடிஞ்சதும் எங்க வீட்டுக்கு வந்திருங்க. தனியா இருக்க வேணாம்.”

“குட்டி?”

“எங்க வீட்டுல எங்க இடம்? மடுல்கெல்லையில இவரோட கூட்டாளி மரக்கறித் தோட்டம் வச்சிருக்காரு. காவலுக்கு நாய் கேக்குறாரு.”

“சங்கிலியிலயா?”

“பின்ன, கதிரை போட்டா உக்கார வைப்பாங்க?”

மாட்டேன் என்று சொல்லப் பலம் இல்லை. தலையாட்டினேன். ஆனால் அன்றைக்கு விளங்கியது, குட்டி சங்கிலிக்குப் போனால் பிறகு நான் எழும்ப மாட்டேன் என்று.

திவசத்தன்று காலையிலிருந்தே தூறல். மகளும் மருமகனும் முதல் நாளே வந்துவிட்டார்கள். நாய் தீட்டு என்று அதை விறகுக் கொட்டிலில் கட்டச் சொன்னாள் மகள். நான்தான் கட்டினேன். கைப்பழக்கத்தில், விளையாட்டுக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டேன். மனைவியின் படம் முன்னால் விளக்கேற்றிக் கும்பிட்டோம். பிறகு மகள் வாழையிலையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய், வடை, பாயாசம் எல்லாம் வைத்துப் பின்பக்கச் சுவரில் கொண்டுபோய் வைத்தாள். காகம் எடுக்காமல் யாரும் சாப்பிடக் கூடாது.

மருமகன் பின்பக்க இஸ்தோப்புத் திண்ணையில் நின்று பாட்டுக்காரன் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, “கா! கா!” என்றார். ஒன்றும் வரவில்லை. அரை மணித்தியாலம் போனது.

“என்ன மாமா இது? கண்டி பஸ் ஸ்டாண்டுல ஒரு பணிஸைக் கையில வச்சிருக்க முடியாது, அவ்வளவு காக்கா. இங்க மட்டும் ஸ்ட்ரைக்கா?”

“சிரிக்காதீங்க நீங்க” என்றாள் மகள். அடுப்படிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். “அம்மா என் மேல கோவமாத்தான் இருக்காங்க. ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தா என் மொகத்தப் பாத்திருப்பாங்க.”

“அப்படி இல்லம்மா” என்றேன்.

“பின்ன ஏன் வரல? எல்லாம் அந்த நாயால. நாய் ஓடித்திரியிற வீட்டுக்குக் காக்கா எப்படி வரும்? பின்னேரமே ஓட்டோவுல ஏத்தி அனுப்பிருங்க.”

அவள் சொன்னது சரி. ஒரு வருடமாக அந்த முற்றத்தில் ‘கா’ என்று நான் கூப்பிட்டது நாயைத்தான். முதல் மாதங்களில் காகங்களும் வந்தன. தன் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் என்று குட்டி விரட்டிவிட்டது. பிறகு அவை அந்தப் பக்கமே வரவில்லை. மனைவியின் காகங்களை நான்தான் துரத்தியிருக்கிறேன். அது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மகள் பால் பொங்குகிறது என்று உள்ளே போனாள். மருமகன் போனில் கோல் ஒன்று வந்து முன்பக்கம் போனார். நான் தனியாக நின்றேன். காகம் வரட்டும் என்று மனதார முருகனைக் கேட்டேன். கேட்டுவிட்டு, என் குரலில், தினமும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன்.

“கா... கா...”

விறகுக் கொட்டிலில் இருந்து குட்டி வந்தது. முடிச்சை அவிழ்த்திருந்தது. முன்னங்கால் இரண்டையும் சுவரில் வைத்து ஏறி, முதலில் வடையை எடுத்தது. பிறகு சோறு. ஒவ்வொரு வாய்க்கும் நின்று, சரியா என்று கேட்பது போல என்னைப் பார்த்தது. ஒரு சத்தம் போட்டிருந்தால் இறங்கியிருக்கும். நான் போடவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன். இலையை நக்கி முடித்துச் சுவருக்குக் கீழே உட்கார்ந்தது. அதைக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டினேன், வேறு முடிச்சில். வந்து அடுப்படிப் பக்கம் பார்த்துச் சொன்னேன்.

“காக்கா எடுத்திருச்சு.”

மகள் ஓடிவந்து இலையைப் பார்த்தாள். தலைக்கு மேல் கை கூப்பி, ஈரச் சீமெந்தில் உட்கார்ந்து, “அம்மா... அம்மா...” என்று அழுதாள்.

“முழுசாவா? எத்தனை காக்கா மாமா?” என்றார் முன்பக்கத்திலிருந்து வந்த மருமகன்.

“ஒன்னு.”

“ஒரு காக்காவா இவ்வளவும்? நல்ல பசி போல.”

சாப்பிட்டோம். மகள் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டாள். தாய் போன பிறகு அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. பின்னேரம் ஓட்டோ வந்தபோது அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள். “அம்மா இந்த வீட்டுக்குத்தான் வந்திருக்காங்க. நீங்க இங்கயே இருங்க அப்பா. அதுவும் இருக்கட்டும்.”

குட்டி இன்னும் ஐந்து வருடம் இருந்தது. சிரட்டை, போத்தல், முடிச்சு எல்லாம் நடந்தன. ஒவ்வொரு வெள்ளியும் சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். கடைசியாகப் போன மழைக்காலத்தில், வயது போய், தூக்கத்திலேயே செத்தது. விறகுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் குழி வெட்டினேன். அப்போதும் அழுகை வரவில்லை. மூன்றாம் வாரம் பின்பக்கச் சுவரில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. சோறு வைத்தேன். எடுத்தது.

எழுத வைத்தது வேறு. கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கும்போது முன்னால் ஒரு பெண் மற்றவளுக்குச் சொன்னாள்: “கலஹா ரோட்டுல ஒரு வீட்டுல திவசத்தன்னைக்கு மழையோட மழையா காக்கா வந்துச்சாம். முழு இலையும் சாப்பிட்டு, மூனு தரம் வீட்டச் சுத்திட்டுப் போச்சாம்.”

“மெய்யாவா?”

“வெள்ளைக் காக்காவாம்டி!”

என் கையில் கடலை இருந்தது. வீட்டுக்கு வந்து மகளுக்குக் கோல் எடுத்து, அந்த வெள்ளைக் காக்கா கதையையும், நடந்ததை எழுதப் போகிறேன் என்பதையும் சொன்னேன்.

“அன்னைக்கு இலையில சாப்பிட்டது காக்கா இல்லம்மா.”

“பின்ன?”

“குட்டி. நான்தான் கூப்பிட்டேன்.”

அந்தப் பக்கம் ரயில் ஊதிப் போகிற சத்தம் கேட்டது. 

“வடையையுமா?”

“வடையத்தான் முதல்ல.”

“அம்மாவும் வடைன்னா அதுக்குத்தான் முதல்ல குடுப்பாங்க.” சிரித்தாளோ அழுதாளோ, போனில் தெரியவில்லை. “ஏன் அப்பா பொய் சொன்னீங்க? நான் அழுவேன்னா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். “இல்ல. குட்டியக் கொண்டுபோயிருவீங்கன்னு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

வைத்துவிட்டாள். நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவளே எடுத்து, “எழுதுறதுன்னா எழுதுங்க. அந்த வெள்ளைக் காக்காவ மட்டும் உள்ள விட்டுறாதீங்க” என்றாள்.

வாசிக்கிறவர்களிடம் நான் கேட்பதும் அதுதான். இதை யாருக்காவது சொன்னால் இருக்கிறபடியே சொல்லுங்கள். நாயைக் காகமாக்க வேண்டாம். மனைவிதான் நாயாக வந்தாள் என்றும் சொல்ல வேண்டாம். நான் அப்படிச் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. தூறல் இருந்தது. நான் ‘கா’ என்று கூப்பிட்டேன். நாய் வந்து வடையை முதலில் எடுத்தது. இதில் ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல் சொல்லுங்கள்.