புனிதரை மூன்று நாள் நிறுத்தி வைத்தேன்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒரு சொல்லைச் சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்று விளக்காமல் அடுத்த வாய் காபி உள்ளே இறங்காது. வீட்டில் பழகிவிட்டார்கள், நான் ஆரம்பித்ததும் மிக்ஸியைப் போட்டுவிடுவார்கள். மிக்ஸி இல்லாத இடங்களில்தான் ஆபத்து.

கோவை காந்திபுரத்தில் பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கும் என் நண்பரிடம் மிக்ஸி கிடையாது. எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் ஒன்று இருக்கிறது. அதன் சத்தம் எனக்குப் போதாது.

போன வருடம் போத்தனூர்ப் பக்கம் ஒரு சர்ச்சுக்குப் பலகை செய்யும் வேலை அவருக்கு வந்தது. அங்கே தமிழர், மலையாளி, ரயில்வே வேலைக்கு வந்த வடக்கத்தியர் எல்லோரும் கும்பிட வருவதால், புனிதரின் பெயர் தமிழ், ஆங்கிலம், மலையாளம், ஹிந்தி என நான்கு மொழியில் வேண்டும். எந்தப் புனிதர் என்று சொல்ல மாட்டேன். அவரை ஏற்கெனவே போதுமான அளவு தொந்தரவு செய்தாகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் திருவிழாக் கொடியேற்றம். அதற்குள் பலகை வாசலில் இருக்க வேண்டும். வேலையைக் கொண்டுவந்தவர், சர்ச் கமிட்டியில் இருக்கும் ஓய்வு பெற்ற நர்ஸம்மா. மற்றவர்கள் வேறு கடையைச் சொன்னபோது, "பாய் சொன்ன தேதிக்குச் செஞ்சுபோடுவாருங்க, அதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வந்தவர்.

என் வேலை தமிழ் வரியில் பிழை பார்ப்பது மட்டும். செவ்வாய்க்கிழமை பாய் போனில் படம் அனுப்பினார். தமிழில் பிழை இல்லை. அதோடு நிறுத்தியிருந்தால் நான் மனுஷன்.

ஹிந்தியில் 'சந்த்' என்று இருந்தது. உடனே கூப்பிட்டேன்.

"பாய், இங்கிலீஷ்ல 'செயின்ட்' லத்தீன்ல இருந்து வந்ததுங்க. ஹிந்தி 'சந்த்' சமஸ்கிருத 'சத்' வழி. மெய்யானவர்னு அர்த்தம். பாக்கறதுக்கு அண்ணன் தம்பியாட்டம் இருக்கும், ஆனா சொந்தமே கிடையாது. மலையாளத்துல 'விசுத்த'ன்னா சுத்தமானவரு..."

பாய் பொறுமையாகக் கேட்டார். "எங்க தர்காவுல அவுலியான்னு சொல்றோமுங்க சார். அரபியில அது நெறைய பேரைச் சொல்றது, ஒருத்தருன்னா 'வலி'ன்னுதான் சொல்லோணும்னு நீங்கதான் சொன்னீங்க. அதுக்காக யாராச்சும் கந்தூரி விழாவுக்கு வராம இருந்தாங்களா?"

"அது வேறங்க பாய். இது பலகை. நான் நல்லாப் பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் நிறுத்தி வைங்க."

"சரிங்க சார்."

நான் நிறுத்தச் சொன்னது ஹிந்தி வரியை மட்டும். மறுநாள் மேட்டுப்பாளையத்தில் மைத்துனர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பாக்கு வியாபாரிக்கு இதே விஷயத்தை விளக்கினேன். ரசம் வருவதற்கு முன்பே அவர் கை கழுவப் போய்விட்டார். அப்புறம் பாய்க்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊர் திரும்பியதும் நேராகக் கடைக்குப் போனேன். பலகை முடிந்திருக்கும், நாலு பாராட்டு வாங்கலாம் என்ற நினைப்பு. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை வெறுமனே சாய்ந்திருந்தது. அதற்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் நர்ஸம்மா.

"என்னங்க பாய் இது?"

"நீங்கதானுங்க நிறுத்தி வைக்கச் சொன்னீங்க."

"ஹிந்தியைத்தானுங்களே! ஒரு போன் பண்ணக்கூடாதுங்களா?"

"கல்யாண ஊட்டுல இருக்கறவரை எப்படிங்க தொந்தரவு பண்றது?"

நர்ஸம்மாவிடம் திரும்பினேன். "நீங்களாவது பாயைக் கேட்டிருக்கலாமுங்களே?"

"வேலையா இருப்பாரு, அவசரப்படுத்தினா மரியாதையா இருக்காதுன்னு இருந்துபோட்டேனுங்க."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்று பேர் சேர்ந்து, ஆளுக்கொரு 'ங்க' போட்டு, ஒரு வேலையை மரியாதையாகக் கொன்றிருக்கிறோம். வேறு ஊராக இருந்தால் புதன்கிழமையே யாராவது என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டி, வியாழக்கிழமை பலகை தயாராகியிருக்கும்.

நர்ஸம்மா குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏனுங்க சார், எங்க புனிதருக்கு ஹிந்தியில என்ன பேருன்னு முடிவாயிருச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க..."

"ஹிந்திப் பூசைக்கு வாரவங்க 'சந்த்'னு சொல்லித்தானுங்க கும்புடறாங்க. அவரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. நாளைக்குப் பலகை இல்லாம கொடி ஏறுச்சுன்னா, கமிட்டியில நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உக்கார்றதுங்க?"

இத்தனை வருட ஆராய்ச்சியை அங்கேயே மூட்டை கட்டினேன். "இருக்கறபடியே வெட்டுங்க பாய்" என்றேன்.

மெஷின் வெட்டித் தள்ளும் ஸ்டிக்கரில் எழுத்தை விட்டுவிட்டு மீதியை உரித்தெடுக்க வேண்டும். நகமும் ஊசியும் பொறுமையும் கேட்கிற வேலை. மூவரும் உட்கார்ந்து உரித்தோம். நர்ஸம்மாவுடையது ஊசி பிடித்துப் பழகிய கை. ஹிந்தி வரியை அலுங்காமல் உரித்துவிட்டார். நான் மலையாளத்தின் முதல் எழுத்தை இரண்டு தடவை கிழித்தேன். பாய் இரண்டு தடவையும் புதிதாக வெட்டிக் கொடுத்தார். சொந்தமே இல்லாத இந்த நான்கு சொற்களும் ஒரே சிவப்பு ஸ்டிக்கர் ரோலிலிருந்து வருகின்றனவே என்று எனக்குத் தோன்றியது. சொல்லத்தான் வாயெடுத்தேன். நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தார். மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் பலகை ஏறியது. சாயங்காலம் கொடி ஏறியது. நர்ஸம்மா கமிட்டிக்காரர்கள் நடுவில், மூஞ்சியை நன்றாக நிமிர்த்தி வைத்துக்கொண்டு நின்றார். பாயும் நானும் ஓரமாக நின்றிருந்தோம். முன்பு வேறு கடையைச் சொன்னவரே எங்களிடம் வந்து, பலகை பிரமாதம், அடுத்த வருசம் தெலுங்கும் சேர்த்துவிடலாம் என்றார்.

பின்னாலேயே வந்த நர்ஸம்மா, நான் அரையடி தூரத்தில் நிற்பதைப் பொருட்படுத்தாமல் பாயிடம் மெல்லச் சொன்னார்.

"சேத்துக்கலாமுங்க பாய். சார்கிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."

"சரிங்கம்மா" என்றார் பாய்.

அவர் சரி என்று சொன்னால் சொன்னபடியே செய்வார். அது எனக்கு இப்போது நன்றாகவே தெரியும்.